எதிர்நோக்கும் பொதுநிலையும்: ஒரகடம் சாலையில் வைத்துச் சில குறிப்புகள்

1

தமிழில் ரொம்பவும் வேலை வாங்கப்பட்ட சொற்களில் ஒன்று 'நம்பிக்கை'. கடவுள் நம்பிக்கை, மூடநம்பிக்கை, நம்பிக்கைத் துரோகம், நம்பிக்கை வாக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். 'நம்பிக்கையோட இரும்மா, அடுத்த வருஷம் பர்மனென்ட் பண்ணிடுவாங்க' என்று கான்ட்ராக்ட் தொழிலாளியிடம் சூப்பர்வைசர் சொல்கிறபோதும் அதே சொல்தான்.

கிறிஸ்தவ இறையியல் மூன்று அறங்களை அடிப்படையானவை என்று சொல்லும். புராட்டஸ்டன்ட் விவிலியத் தமிழில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இந்த வரிசையை மாற்றியது. 'விசுவாசம்' வெளியேற, அந்த இடத்துக்கு 'நம்பிக்கை' நகர்ந்தது. நம்பிக்கை இருந்த இடத்தில் 'எதிர்நோக்கு' வந்து உட்கார்ந்தது. கத்தோலிக்கர்கள் இன்றைக்குப் பூசையில் கேட்பது இந்தச் சொல்லைத்தான். பேச்சில் இன்னும் அது பலருக்குப் பழகவில்லை. 'எதிர்நோக்கோட இருங்க' என்று யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை.

சொல்ல முடியாது என்பதுதான் இந்தச் சொல்லின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. மொழிபெயர்த்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, இந்தச் சொல்லுக்குள் தமிழ் தன் வேலையைச் செய்திருக்கிறது. தொல்காப்பியம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்றாக்கும். எதிர்வு என்றால் இனி வரவிருப்பது. எதிரில் நிற்பதும் எதிர்தான், எதிர்ப்பும் அதே வேர்தான். நோக்கு என்பது பார்வை. நோக்கம் அதன் பக்கத்து வீடு. ஆக எதிர்நோக்கு என்றால் வரப்போவதைப் பார்ப்பது. எதிரில் இருப்பதை முகத்துக்கு நேராகப் பார்ப்பது. தேவைப்பட்டால் எதிர்த்தும் பார்ப்பது. வெறுமனே காத்திருப்பது என்பது இதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

கத்தோலிக்கத் திருச்சபை 2025ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கான மையக்கருத்து 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்'. எதிர்நோக்கு யாரையும் ஏமாற்றாது என்ற பொருள்படும் தலைப்போடு 2024 மே 9 அன்று போப் பிரான்சிஸ் அதற்கான ஆணைமடலை வெளியிட்டார். போர், கடன், புலம்பெயர்வு, பருவநிலை என்று உலகம் கலங்கிக்கிடக்கும்போது எதிர்நோக்கைப் பற்றிப் பேசுவது நல்லதுதான். ஆனால் யாருடைய எதிர்நோக்கு? அதை முன்னெடுப்பது யார்? குருவானவரா, பொதுநிலையினரா? இந்தக் கேள்விகளை ஆகாயத்தில் வைத்துப் பேசினால் பிரசங்கமாகிவிடும். ஆகவே ஒரு இடத்தில் வைத்துப் பேசிப் பார்க்கலாம். அந்த இடம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்.

2

இங்கே எதிர்காலத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் பார்க்கணும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் அடிக்கல் நாட்டி 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது. 2007இல் சாம்சங். 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். பின்னால் ராயல் என்ஃபீல்டு, வல்லம் வடகாலில் யமஹா, சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கான். சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டது 2002இல்தான். ஆலை முந்தி, ஆயரகம் பிந்தி. இந்த மண்ணின் புதிய கால அட்டவணையை எழுதியது ஆலைதான், கோவில் மணி அல்ல.

அந்த அட்டவணை எப்படிப்பட்டது? உலகத்தின் மிகப்பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக இருந்த நோக்கியா 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. எட்டே வருஷம். இருபது வயதில் உள்ளே போனவர்கள் முப்பது ஆவதற்குள் 'விருப்ப' ஓய்வு பெற்றவர்களாக வெளியே வந்தார்கள். குறித்த காலத்துக்கு மட்டும் ஆளெடுக்கும் முறையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்து மத்திய அரசு 2018 மார்ச்சில் விதியைத் திருத்தியது. பயிற்சியாளர், கான்ட்ராக்ட், குறித்த காலம் என்று பெயர்கள் பல. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: உனக்கு நிகழ்காலம் உண்டு, எதிர்காலம் இல்லை.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். மே 1 கத்தோலிக்க நாட்காட்டியில் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளும்கூட. போப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்தியது. தச்சுத் தொழிலாளிக்கு ஒரு திருநாள் இருக்கிறது. தொழிலாளியின் எட்டு மணி நேரத்தைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால், அந்தத் திருநாளை அறியாத செங்கொடிக்காரர்களின் பெயரைத்தான் முதலில் சொல்லவேண்டியிருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யோசிக்க நிறைய இருக்கிறது.

பெண்களுக்கு இந்தக் காலக்கணக்கு இன்னும் கறாராக இருக்கிறது. ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூனில் தன் புலனாய்வை வெளியிட்டது. மத்திய தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. செலவு 706 கோடிக்கும் மேல். மூன்று வருஷத்துக்கு முன், 2021 டிசம்பரில், அதே ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் செத்துவிட்டதாக வதந்தி பரவ, ஆயிரக்கணக்கில் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த ராத்திரியைப் பற்றி ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கூடப் படுத்துத் தூங்கினவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல வார்டன் இருந்தார், கம்பெனி இருந்தது, போலீஸ் இருந்தது. அவர்களில் யார் சொல்வதையும் அந்தப் பெண்கள் நம்பத் தயாராக இல்லை. 'நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்' என்று சொல்ல அவர்களுக்குள்ளிருந்தே அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருத்தி இல்லை. அவர்கள் பக்கம் நம்பிக்கை அற்றுப்போயிருந்தது. ஆனால் எதிர்நோக்கு இருந்தது. அதுதான் சாலைக்கு வந்தது.

3

இப்போது கோவில் பக்கம் வருவோம். கத்தோலிக்கர்கள் முதல்முறை சந்தித்துக்கொண்டால் கேட்கிற கேள்வி: 'நீங்க எந்தப் பங்கு?' பங்கு என்றால் ஒரு கோவிலைச் சுற்றிய நிர்வாக எல்லை, அதற்கு ஒரு பங்குக் குரு, ஒரு பங்குப் பேரவை. பங்குக்குள் குடும்பங்களைத் தெருத்தெருவாகக் கூட்டி அன்பியங்கள். திருமணத்துக்கு ஓலை வாசிப்பதிலிருந்து கல்லறையில் இடம் கொடுப்பது வரைக்கும் எல்லாமே இந்தப் பதிவின்படிதான் நடக்கும்.

இந்த அமைப்பு ஒன்றை அனுமானித்துக்கொள்கிறது. மனிதர் என்றால் குடும்பம், குடும்பம் என்றால் வீடு, வீடு என்றால் நிலையான விலாசம். ஒரகடத்தில் அறைக்கு ஆறு பேர் தங்கியிருக்கிற பையன்களுக்கு இது எதுவும் கிடையாது. தூத்துக்குடியிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்த பெண்ணின் பங்கு ஊரில் இருக்கிறது. தேர்த்திருவிழாவுக்கு லீவு கிடைத்தால் போவாள். ஜார்க்கண்டிலிருந்து வரும் ஆதிவாசித் தொழிலாளிகளில் கத்தோலிக்கர் இருந்தால் அவர்களுக்கு மொழியும் இல்லை. வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையே நிச்சயமில்லை. பங்கில் குடும்பம் இருந்தால்தான் கணக்கில் வருவாய். கம்பெனியில் குடும்பம் வந்தால் கணக்கு முடிந்தது. இரண்டு சல்லடைகளுக்கும் நடுவே விழுகிறவள் ஒரே பெண்தான்.

பொதுநிலையினர் தலைமை என்கிற பேச்சை இந்தப் பெண்ணிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்?

கோட்பாட்டளவில் ஒன்றும் தடையில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் கோட்பாட்டு விளக்கத்தில் (1964) ஒரு முழு இயலைப் பொதுநிலையினருக்கு ஒதுக்கியது. 1965 நவம்பர் 18 அன்று அவர்களுடைய பணி பற்றித் தனி ஏடே வெளியிட்டது. அந்த ஏடுகளின் சாரம் இது: பொதுநிலையினர் குருக்களின் எடுபிடிகள் அல்ல. திருமுழுக்கினாலேயே அவர்களுக்குப் பணி உண்டு, யாரும் இரவல் கொடுக்கவேண்டியதில்லை. அந்தப் பணியின் களம் பலிபீடம் அல்ல, உலகம். தொழில், அரசியல், குடும்பம், பண்பாடு. அப்படியானால் பொதுநிலைத் தலைவர் நிற்கவேண்டிய இடம் வாசக மேடை இல்லை, அசெம்பிளி லைன். இதைச் சொல்வது தீவிரவாதம் அல்ல. சபையின் அதிகாரபூர்வப் பிரதி சொல்வதுதான்.

நடப்பில் என்ன இருக்கு? பொதுநிலைத் தலைமை என்றால் வாசகம் வாசிப்பது, காணிக்கை எண்ணுவது, திருவிழாக் குழு, வரவேற்பு வளைவு, நன்றியுரை. 1983இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 536ஆம் விதியில் பங்குப் பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டுமே என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆலோசனை சொல்லலாம், முடிவு சாமியார் கையில். ஆலையில் இருக்கிற 'ஒர்க்ஸ் கமிட்டி'யைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இருக்காது. பேசச் சொல்வார்கள், கேட்டுக்கொள்வார்கள், முடிவு மேலே எடுக்கப்பட்டிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் மக்கள் போராட்டங்களில் நின்ற குருக்களும் கன்னியரும் குறைவில்லை. அவர்கள் பட்ட பாட்டைச் சிறுமைப்படுத்துவது நம் வேலையல்ல. ஆனால் அங்கேயும் 'போராட்டச் சாமியார்' என்ற பிம்பம்தான் ஞாபகத்தில் நிற்கிறது. மக்கள் கூட்டமாகவும் அங்கி தனிமுகமாகவும் பதிவாகிறார்கள். விடுதலையைக்கூட ஒருவர் நமக்காகப் பூசை வைப்பதுபோல நிகழ்த்திக் கொடுக்கணும் என்கிற மனப்பழக்கம் இது. பழமைவாதக் குருவும் முற்போக்குக் குருவும் இந்த ஒரு இடத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள்.

4

வேறு மாதிரி நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது.

பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் (1882–1967) என்று ஒரு குரு. எளிய உழைப்பாளிக் குடும்பம். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, ஆலைக்குப் போய்விட்டிருந்த பழைய பள்ளித் தோழர்கள் இவரைத் துரோகியாகப் பார்த்தார்கள். எதிரியின் பக்கம் போய்விட்டவன் என்று ஒதுக்கினார்கள். 1903இல் அப்பா இறந்தபோது உழைக்கும் வர்க்கத்துக்காகவே வாழ்வதென்று உறுதி எடுத்துக்கொண்டார். 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருவானது. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஜொக்' என்பார்கள்.

கார்டைன் செய்தது ஒரு சின்ன மாற்றம். தொழிலாளிகளுக்குப் பிரசங்கம் வைப்பதற்குப் பதிலாக, அவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக உட்காரவைத்து மூன்று கேள்விகள் கொடுத்தார். என்ன நடக்கிறது? அது சரியா? நாம் என்ன செய்யப்போகிறோம்? பார், சீர்தூக்கு, செயல்படு. 1961இல் போப் இருபத்திமூன்றாம் அருளப்பர் தன் சமூகச் சுற்றுமடலில் இந்த முறையைப் பெயர் சொல்லியே ஏற்றார். இலத்தீன் அமெரிக்க விடுதலை இறையியலின் முறையியலுக்கு இது ஒரு நாற்றங்கால்.

ஒரகடத்து அறையில் இது எப்படி வேலை செய்யும்? 'பார்' என்பது சம்பளச் சீட்டை வெளியே எடுத்து நடுவில் வைப்பது. மொத்தம் எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு, கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு பிடித்தார்கள், ஓ.டி. இரட்டிப்பாக வந்ததா? பக்கத்தில் நிற்கிற பர்மனென்ட் ஆளுக்கு அதே வேலைக்கு எவ்வளவு? பாத்ரூம் போக எத்தனை நிமிஷம்? 'சீர்தூக்கு' என்பது இதைச் சட்டத்தோடும் நற்செய்தியோடும் சேர்த்துவைத்துப் பேசுவது. கடைசியில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரனின் கதையை இந்த அறையில் சொல்லிப் பாருங்கள். கோவிலில் கேட்டபோது விளங்காத ஒன்று விளங்கும். 'செயல்படு' என்பது பெரிய புரட்சி இல்லை. அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு காரியம். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு மனு. ஈ.எஸ்.ஐ. அட்டை வராத ஒருவனோடு கூடப் போவது. சங்கக் கூட்டத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பது.

இதில் குருவுக்கு வேலை உண்டு, ஆனால் தலைமை அவரிடம் இல்லை. தொழிலாளிக்கு நற்செய்தி சொல்லவேண்டிய முதல் ஆள் தொழிலாளிதான் என்பதை 1931இலேயே போப் பதினோராம் பத்திநாதர் எழுதியிருக்கிறார். தொண்ணூற்றைந்து வருஷத்துப் பழைய சமாச்சாரம் இது. நமக்குத்தான் புதுசு.

இன்னொரு உதாரணத்தை இந்தச் சாலையே ஞாபகப்படுத்துகிறது. ஹூண்டாயும் சாம்சங்கும் எங்கிருந்து வந்தன? தென்கொரியாவிலிருந்து. அந்த நாட்டின் மூலதனத்தை நமக்குத் தெரியும். அதன் தொழிலாளர் வரலாறு நம்மிடம் வந்து சேரவில்லை.

கொரியாவில் கத்தோலிக்கத்தைத் தொடங்கியவர்கள் மிஷனரிகள் அல்லர். புத்தகம் படித்துத் தேடிப்போன பொதுநிலையினர். யீ சுங்ஹுன் என்பவர் 1784இல் பெய்ஜிங் போய்த் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி மற்றவர்களுக்குக் கொடுத்தார். பத்து வருஷத்துக்கும் மேலாக அங்கே குருவே கிடையாது. தங்களுக்குள்ளேயே ஆட்களை நியமித்துப் பூசைகூட நடத்திவந்தார்கள். பெய்ஜிங் ஆயருக்கு எழுதிக் கேட்டபோதுதான் அது கூடாது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் குருக்கள் வந்தார்கள், படிநிலையும் வந்தது.

1958இல் ஜொக் அங்கே போனது. 1967–68இல் காங்வா தீவில் சிம்டோ நெசவாலையில் ஜொக் இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், சங்கம் சேர்த்தார்கள். வேலை போனது. தீவின் நெசவாலை முதலாளிகள் ஒன்றுகூடி ஜொக் உறுப்பினர்களை இனி வேலைக்கு எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். 1968 பிப்ரவரியில் கொரிய ஆயர்கள் தொழிலாளர் உரிமையின் பக்கம் நின்று அறிக்கை விட்டார்கள். வரிசையைக் கவனியுங்கள். ஆயர்கள் சொல்லிப் பெண்கள் செய்யவில்லை, பெண்கள் செய்ததனால் ஆயர்கள் பேசினார்கள். 1970 நவம்பர் 13 அன்று சியோலில் ஜியோன் டே-இல் என்கிற இருபத்திரண்டு வயதுத் தையல் தொழிலாளி, இவர் புராட்டஸ்டன்ட், தொழிலாளர் சட்டப் புத்தகத்தோடு தன்னைத் தானே எரித்துக்கொண்டார். இருக்கிற சட்டத்தை அமல்படுத்து என்பதுதான் அவர் கோரிக்கை.

2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை முப்பத்தேழு நாள் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை அதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை. சி.ஐ.டி.யு. சார்பில் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்யணும், அங்கீகரிக்கணும். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் கொடுத்த உரிமை அது. பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. யூபிலி ஆண்டு தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எதிர்நோக்கின் பயணிகளை ரோமாபுரியில் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

5

இங்கே ஒரு இடர்ப்பாடு இருக்கிறது. 'பொதுநிலை' என்கிற சொல் எல்லோரையும் ஒரே நிலையில் வைத்துவிடுகிறது. குருவுக்கு எதிரில் பொதுநிலை என்று கோடு போட்டதும், பொதுநிலைக்குள்ளே ஓடுகிற கோடுகள் மறைந்துபோகின்றன. பொதுநிலையினர் கையில் அதிகாரம் கொடு என்று சொல்லும்போது, எந்தப் பொதுநிலையினர் கையில் என்று கேட்காமல் இருக்க முடியாது.

2008 மார்ச்சில் எறையூரில் ஒரே பங்கைச் சேர்ந்த வன்னியக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் இடையிலான பிரச்சினை துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனதில் முடிந்தது. அங்கே ஆதிக்கம் செய்தவர்களும் பொதுநிலையினர்தான், கோவிலில் செல்வாக்கு உள்ளவர்கள்தான். தமிழக ஆயர்கள் 1990இல் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித்துகளுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுப்பதை எதிர்த்துத் திருச்சபை பேசிவருகிறது. நல்லது. அரசிடம் கேட்பதைப் பங்கிலும் கேட்டாகணும் என்பதுதான் தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் முப்பது வருஷமாகச் சொல்வது.

முதல் இந்தியப் பொதுநிலைப் புனிதர் தேவசகாயம். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றபோது 'பிள்ளை' என்ற பின்னொட்டு அவர் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. உயர்த்தப்பட்ட சாதியில் பிறந்து எல்லாச் சாதியினரோடும் கலந்து பழகியவருக்கு அதுதான் நியாயம். பொதுநிலைத் தலைமையின் முதல் இலக்கணத்தை அங்கிருந்தே எடுக்கலாம்: பின்னொட்டை உதிர்ப்பது. பெயரிலிருந்து மட்டும் உதிர்த்தால் போதாது, கல்லறையிலும் பேரவையிலும் உதிரணும்.

செங்கல்பட்டு மண்ணுக்கே இதில் ஒரு சாட்சியம் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். மிஷனரிகளின் அழுத்தமும் அதன் பின்னால் இருந்தது. 1892இல் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அந்த நிலங்கள் கைமாறிப் போய்விட, நூறு வருஷம் கழித்து அவற்றை மீட்கிற போராட்டம் காரணையில் எழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் இறந்தார்கள். பெயர்களைச் சேர்த்து வாசியுங்கள். நிலத்துக்காகப் போனவர்கள் பங்குப் பதிவேட்டைப் பார்த்து அணிசேரவில்லை. இன்று சிப்காட் எல்லைகள் விரிகிற இதே நிலப்பரப்பில், எதிர்நோக்கு என்பது எவ்வளவு பழையது, எவ்வளவு ஸ்தூலமானது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

6

இரண்டு ஆட்சேபங்களைப் பார்த்துவிடலாம்.

முதலாவது இடதுசாரி நண்பர்களுடையது. 'சங்கம் இருக்கு, கொடி இருக்கு. நடுவில் எதுக்கு கோவிலும் எதிர்நோக்கும்?' நியாயமான கேள்வி. ஆனால் எதிர்நோக்கை மதத்தின் அபின் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதைச் சொன்னவர் ஒரு மார்க்சியர், எர்ன்ஸ்ட் ப்ளாக். இன்னும் ஆகாதது, ஆகவேண்டியது என்கிற உணர்வு மனிதச் செயலின் ஊற்று என்றார். அதைக் கிறிஸ்தவப் பக்கத்திலிருந்து 1964இல் தொடர்ந்தவர் யூர்கன் மோல்ட்மன். போர்க்கைதி முகாமில் எதிர்நோக்கைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தவர். அவர் பார்வையில் எதிர்நோக்கு நிம்மதி தருவதில்லை, நிம்மதியைக் கெடுக்கிறது. வாக்களிக்கப்பட்ட நாளையைப் பார்த்தவன் இன்றைக்கு இருப்பதோடு சமரசம் ஆக முடியாது. மோல்ட்மன் 2024 ஜூனில் இறந்தார். விடுதலை இறையியலின் குஸ்தாவோ குத்தியரெஸ் அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று, சாம்சங் வேலைநிறுத்தம் முடிந்து ஒரு வாரத்தில் இறந்தார். வேலைநிறுத்தத்தின் முப்பதாவது நாள் சம்பளம் இல்லாத வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது கொடியின் பிரச்சினையும்தான். அங்கே தேவைப்படுவதைச் சங்கம் 'மன உறுதி' என்று அழைக்கலாம், சபை எதிர்நோக்கு என்று அழைக்கலாம். பெயருக்காகச் சண்டை வேண்டாம்.

இரண்டாவது பக்திமான்களுடையது. 'கிறிஸ்தவ எதிர்நோக்கு மறுவாழ்வைப் பற்றியது. நீங்கள் அதைக் கூலிப் பிரச்சினையாகச் சுருக்குகிறீர்கள்.' சுருக்கவில்லை. உயிர்ப்பை நம்புகிறவர் உடலை நம்புகிறவர். ஆன்மா மட்டும் தப்பிப் போவதல்ல கிறிஸ்தவத்தின் வாக்குறுதி, உடல் எழுவது. அந்த உடல் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிறது, பாத்ரூம் போக அனுமதி கேட்கிறது, கெட்டுப்போன சோறு தின்று வாந்தி எடுக்கிறது. இதற்கு எதிர்நோக்கில் இடமில்லை என்றால் உயிர்ப்பு எதற்கு?

போப் பதினான்காம் லியோ 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டு நாளில் தன் பெயருக்குக் காரணம் சொன்னார். 1891இல் தொழிலாளர் பற்றி முதல் சமூகச் சுற்றுமடல் எழுதியவர் பதின்மூன்றாம் லியோ. இப்போது செயற்கை நுண்ணறிவோடு இன்னொரு தொழில் புரட்சி வந்திருக்கிறது, ஆகவே அந்தப் பெயர் என்றார். நல்ல காரணம். 1891 மடல் தொழிலாளிகள் சங்கம் வைப்பதை இயற்கை உரிமை என்று சொன்ன மடல். அதைச் சுங்குவார்சத்திரத்தில் வாசிக்க ரோமிலிருந்து அனுமதி வரவேண்டியதில்லை.

என்ன செய்யலாம்? மூன்று காரியங்கள். ஒன்று, ஹாஸ்டல் மாடியையும் வாடகை அறையையும் அன்பியமாகக் கணக்கில் எடுக்கலாம். குடும்ப அட்டை இல்லாதவரும் பங்குப் பேரவையில் உட்காரலாம். கூட்டம் ஷிப்டுக்கு ஏற்ப மாறலாம். இரண்டு, கார்டைனின் மூன்று கேள்விகளோடு குழுக்களைத் தொடங்கலாம். அதில் கிறிஸ்தவர் அல்லாத அறைத் தோழியும் இருப்பாள், இருக்கணும். தலைமை அவர்களிலிருந்தே வரட்டும். மூன்றாவதுதான் கஷ்டமானது. திருச்சபையே ஒரு பெரிய முதலாளி. பள்ளி, மருத்துவமனை, விடுதி எல்லாவற்றிலும் ஆட்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். உபதேசியாரும் கோவில்பிள்ளையும் இருக்கிறார்கள். நீதியைப் பேசுகிறவர் முதலில் தன் வீட்டில் நீதியாக இருக்கணும் என்று 1971இல் உலக ஆயர் மன்றமே சொல்லியாயிற்று. அவர்களுடைய சம்பளப் பதிவேட்டைப் பங்குப் பேரவை கேட்டுப் பார்க்கலாம். கேட்கிற நாளில் தெரிந்துவிடும், பேரவைக்கு இருப்பது ஆலோசனைக் குரலா, குரலே இல்லையா என்பது.

பங்கு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டே. கம்பெனிக்காரர்களுக்கு அது சந்தையில் விற்கிற பத்திரம். சொத்துப் பிரிக்கிற அண்ணன் தம்பிகளுக்கு அது உரிமை. ஒரகடத்துப் பெண்ணிடம் 'நீ எந்தப் பங்கு?' என்று கேட்கிற சபை, 'இதில் என் பங்கு என்ன?' என்று அவள் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் எதிர்நோக்கு என்ற சொல் பேச்சுத்தமிழில் நுழைவதும் நுழையாமல் நிற்பதும்.